டெல்லி மனுவின் ஓரத்தில் ஒரு ‘பேசவும்’

பிரதமர் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. டெல்லிக்கே போனதில்லை. ஆனால் அந்த அலுவலகத்துக்குப் போன மனுக்களுக்குப் பதில் எழுதியே என் பணிக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஒரு தாலுகா அலுவலகம். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இப்போதும் நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

ஓய்வூதியர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டார் சங்கச் செயலாளர். “துறைத் தேர்வு எழுதுற பிள்ளைகளுக்குப் பிரயோசனமா இருக்கணும் அண்ணாச்சி. பிரதமர் அலுவலகம், வரலாறும் பணியும். நாலு பக்கம் போதும்.” தலைப்பையும் பக்கத்தையும் அவரே முடிவு செய்துவிட்டு என்னிடம் கேட்டதால் எனக்குச் சந்தேகம் வந்தது. வேறு யாரோ எழுத மறுத்திருக்கிறார்கள். விசாரித்தேன். இரண்டு பேர் மறுத்திருந்தார்கள்.

சரி, வரலாற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

அரசியல் சாசனத்தில் பிரதமர் இருக்கிறார். பிரதமர் அலுவலகம் இல்லை. குடியரசுத் தலைவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் ஓர் அமைச்சரவை, அதன் தலைமையில் பிரதமர் என்று சாசனம் நிறுத்திக்கொள்கிறது. அவர் எங்கே உட்காருவார், கடிதங்களை யார் பிரிப்பார் என்று சொல்லவில்லை. சுதந்திரம் வந்தபோது, கவர்னர் ஜெனரலின் செயலர் பார்த்துவந்த வேலைகளில் ஒரு பகுதியைப் பார்க்கச் சிறிய செயலகம் ஒன்று அமைந்தது. தொடக்கத்தில் அது கடிதம் எழுதுகிற, கோப்பை நினைவூட்டுகிற இடம்தான். இரண்டாவது பிரதமர் காலத்தில் மூத்த அதிகாரி ஒருவர் செயலராக வந்தார், கனம் கூடியது. அடுத்து வந்தவர் காலத்தில் கனம் பலமானது. முதல் முறையாக ஆட்சி கட்சி மாறியபோது, இவ்வளவு கனம் ஆகாது என்று ‘செயலகம்’ என்ற பெயரை ‘அலுவலகம்’ என்று குறைத்தார்கள். பெயர் குறைந்தது. கனம் குறைந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

தேர்வுக்கு இவ்வளவு போதும். தேர்வில் கேட்காத ஒன்று உண்டு. அந்த அலுவலகத்தில் பொதுமக்கள் மனுக்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் யாரும் எழுதலாம். நிலம் மாநிலத்தின் பொருள் என்பதால், நிலம் பற்றிய மனு அங்கிருந்து மாநிலத் தலைமைக்கு வரும். அங்கிருந்து கலெக்டர், கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர் என்று இறங்கி, கடைசியில் கிராம நிர்வாக அலுவலரிடம் அறிக்கைக்காகப் போய் நிற்கும். மனுவே அவர்மேல் இருந்தாலும் அவரிடம்தான் போய் நிற்கும். பரமபதத்தில் மேலே ஏறினவனைப் பாம்பு இறக்கிவிடுவது போல என்று சொல்லலாம். ஒரே வித்தியாசம், இங்கே பாம்பு எங்கே இருக்கிறதென்று எங்களுக்கு முன்பே தெரியும்.

நான் எழுத்தராகச் சேர்ந்த முதல் வருடம் தலைமை எழுத்தர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். டெல்லி முத்திரையைப் பார்த்து மிரளாதே, முகப்புக் கடிதத்தின் கடைசி வரியைப் பார். ‘தக்க நடவடிக்கைக்காக’ என்றிருந்தால் யாரும் பதிலை எதிர்பார்க்கவில்லை. ‘அறிக்கை அனுப்புக’ என்றிருந்தால் யாரோ ஒருவர் தன் பதிவேட்டில் இந்த எண்ணை முடிக்கவேண்டியிருக்கிறது. அவருக்கு வேண்டியது தண்ணீரோ பாதையோ அல்ல, முடிவு. இதைக் கற்றுக்கொண்டபின் மற்ற பயிற்சி எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

மக்களுக்கு இது தெரியாது என்று நினைத்திருந்தேன். கடம்பூர்ப் பக்கம் கருப்பசாமி என்று ஒருவர். ஊருக்குள் பஸ் வரவில்லை என்று ஆறு வருடம் பிரதமருக்கு எழுதினார். மனு கிடைக்கப்பெற்றது என்று டெல்லியிலிருந்து வந்த அட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். விசாரணைக்குப் போன நான் நக்கலாகக் கேட்டேன், “பஸ் வந்திச்சா அண்ணாச்சி?”

“பஸ்ஸு எங்க வருது. ஆனா நீங்க வந்தீங்கள்லா. இதுக்கு முன்ன தாலுகா ஆபீஸ்காரங்க எங்க ஊருக்கு எப்ப வந்தாவ, சொல்லுங்க பாப்போம்.”

டெல்லிக்கு எழுதினால் டெல்லி வராது, நாங்கள் வருவோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆகவே யாரையும் நம்பாதே என்ற என் கொள்கையில், படிக்காதவர்களையும் சேர்த்துக்கொண்டேன். அதுதான் பின்னால் என்னை வழுக்கி விழவைத்தது.

இனி ஞானசிகாமணி தாசில்தாரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயரை மாற்றியிருக்கிறேன்; குணத்தை மாற்றவில்லை. நான் துணை தாசில்தாராக ஓய்வுபெறும் வரை, கடைசி மூன்று வருடம் அவரிடம்தான் இருந்தேன். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படிப்பார். யாரையும் திட்டமாட்டார். தன் கையால் எந்த உத்தரவும் எழுதமாட்டார். சிக்கலான கோப்பு எது போனாலும் குறிப்பின் ஓரத்தில் ஒரே சொல், சின்னதாக, அழகாக: ‘பேசவும்’. கீழே சுருக்கொப்பம், தேதி.

அரசு அலுவலகம் தெரியாதவர்களுக்கு இதை விளக்கவேண்டும். ‘பேசவும்’ என்று மேலதிகாரி எழுதினால், கோப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பேசவேண்டும். அங்கே என்ன பேசினார்கள் என்பது எந்தத் தாளிலும் இருக்காது. திரும்பி வந்து நாம் எழுதும் குறிப்பு நம்முடைய குறிப்பு. நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லவேண்டியவரும் நாம். இதற்கு எங்களிடம் இருந்த ஒரே மாற்று, அடுத்த குறிப்பை ‘பேசியபடி’ என்று தொடங்குவது. அந்தச் சொல் இருந்தால் மேலதிகாரியும் உள்ளே வந்துவிடுவார். அவருக்கு அது பிடிக்காது. நான் எழுதாமல் விட்டதில்லை.

“என்னவே, ‘பேசியபடி’ போடாம ஒமக்குக் குறிப்பு வராதோ?” என்று ஒருமுறை கேட்டார்.

“பழக்கம் சார்.”

“பழக்கத்த மாத்தும்வே. ஓய்வு பெறுத காலத்துல எதுக்கு.”

என் ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தபோது அந்த மனு வந்தது. குளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். மனுதாரர் சண்முகத்தாய், ஆடு மேய்க்கிற குடும்பம். சூரிய மின்சாரத் தகடு போடுகிற நிறுவனம் ஒன்று காட்டை வாங்கி வேலி அடைத்ததில், ஓடைப் புறம்போக்கும் வேலிக்குள் போய்விட்டது. அந்த ஓடை வழியாகத்தான் ஆடுகள் கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்கப் போகும். கிராம நிர்வாக அலுவலர் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறார். இதுதான் செய்தி. கடைசி வரியைப் பார்த்தேன். ‘அறிக்கை அனுப்புக.’

மனு ஒன்றரைப் பக்கம், கணினியில் அடித்தது. படித்ததும் எனக்கு அது பிடித்துப்போனது. பிடித்துப்போனதும் சந்தேகம் வந்தது. எங்கள் ஊர் மனுக்களில் அழுகை இருக்கும், சாமி இருக்கும், பிரதமருக்கு நீண்ட ஆயுள் இருக்கும். சர்வே எண் இருக்காது. இதிலோ ஓடையின் இரண்டு பக்கமும் உள்ள பதினோரு புலங்களின் எண்கள், உட்பிரிவோடு, வரிசை தவறாமல் இருந்தன. நான் புலப்படத்தை எடுத்து ஒப்பிட்டேன். ஒரு பிழை இல்லை. எங்கள் சர்வேயர் எழுதினால்கூட இரண்டு பிழை இருக்கும்.

ஆடு மேய்க்கிற ஒரு பெண்ணுக்கு உட்பிரிவு எண் எப்படித் தெரியும்? எண் தெரிந்தவர்கள் எங்கள் துறைக்காரர்கள், பத்திரம் எழுதுகிறவர்கள், நிலத் தரகர்கள். அந்த நிறுவனத்துக்கு நிலம் கிடைத்ததில் வயிறெரிந்த தரகன் எவனோ இந்தப் பெண்ணின் பெயரில் எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அடுத்தவர் பெயரில் எழுதும் மனுவைப் புனைபெயர் மனு என்போம். பெயருக்கு உரியவர் ‘நான் அனுப்பவில்லை’ என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்யவேண்டியதில்லை. என் சந்தேகத்தைக் குறிப்பாக எழுதி, கிராமத்துக்கு நேரில் சென்று தனியே விசாரிக்கலாமா என்று கேட்டு மேலே அனுப்பினேன். மறுநாள் வந்தது. ஓரத்தில் ‘பேசவும்’.

போனேன். ஞானசிகாமணி முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல குறிப்புவே. ஆனா நீரு எதுக்கு வெயில்ல ஊருக்குள்ள அலையணும்? வி.ஏ.ஓ. ஆபீசுலயே வச்சு முடிச்சிரும். தலையாரிய விட்டு அந்தப் பொம்பளையக் கூட்டிட்டு வரச் சொல்லும்.”

“மனு வி.ஏ.ஓ. மேலயும் இருக்கு சார். அவரு ஆபீசுல வச்சு...”

“புனைபெயர்னு நீருதான எழுதியிருக்கீரு? புனைபெயர்ல வந்த புகாருக்கு அவரு எப்படிவே எதிர்க்கட்சி ஆவாரு?”

என் சந்தேகத்தை எடுத்து என்னையே கட்டினார். நான் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

விசாரணை நடந்த அறை பத்துக்குப் பத்து. ஒரு மேசை. எனக்கு நாற்காலி, வி.ஏ.ஓ.வுக்கு நாற்காலி. வாசலில் நிறுவனத்தின் ஜீப் நின்றது. அதன் மேலாளர் யாரையோ பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். சண்முகத்தாய்க்கு ஐம்பது வயது இருக்கும். ஆட்டு வாடையோடு வந்து சுவரோரம் நின்றார். மனுவைக் காட்டிக் கேட்டேன்.

“இந்த மனுவ டெல்லிக்கு அனுப்பினது நீங்களா?”

அவர் மனுவைப் பார்க்கவில்லை. வி.ஏ.ஓ.வைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

“நான் அனுப்பலய்யா.”

“யாராவது ஒங்க பேருல அனுப்பியிருக்கலாமா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா.”

வாக்குமூலம் ஆறு வரி. படித்துக் காட்டினேன். கைநாட்டு வைப்பார் என்று மைப்பெட்டியைத் திறந்தேன். அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, முழுப் பெயரையும் எழுதினார். அவர் கண் போன திசையை நான் கவனித்தேன். அந்தப் பார்வையின் பொருள் என் அனுபவத்துக்குத் தெரியும். வாக்குமூலத்தில் பார்வைக்கு இடம் இல்லை, ஆகவே எழுதவில்லை.

அறிக்கையில் நான் எழுதிய வரிகள் இவை: ‘மனுதாரரை நேரில் விசாரித்ததில், மேற்படி மனுவைத் தான் அனுப்பவில்லை என வாக்குமூலம் அளித்துள்ளார். எனவே இது புனைபெயர் மனு எனக் கருதி மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது.’ குறிப்பைத் தொடங்கும்போது பேனா வழக்கப்படி ‘பேசியபடி’ என்று எழுதப் போனது. நிறுத்தினேன். ஓய்வுக்கு ஐந்து மாதம். பழக்கத்தை மாற்றினேன். அது ஓர் ஆவணி மாதம்.

ஓய்வுபெற்று மூன்று வருடம் கோவில்பட்டியில் பேப்பர் படித்துக்கொண்டும் அதை நம்பாமலும் இருந்தேன். இந்த வருடம் மாசியில் என் மைத்துனருடன் அவர் காட்டுக்குப் போனேன். அவர் தூத்துக்குடியில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை நிலத்தைப் பார்க்க வருவார். அறுவடை முடிந்த கரிசலில் உரத்துக்காக ஆட்டுக் கிடை போடவேண்டும். கிடை என்றால், மந்தையை இரவெல்லாம் ஒரே நிலத்தில் அடைத்துவைப்பது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். மைத்துனர் கிடைக்காரருக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார்.

“இருநூத்திப் பதினாலுல ரெண்டு பி. அங்கன ஆறு நாள் போடணும்.”

மறுமுனையில் ஒரு பெண் குரல். “ரெண்டு பி-யா, ரெண்டு ஏ-யா? ரெண்டு ஏ ஒங்க சித்தப்பா மவன் பேருக்குல்ல போயிருக்கு. போன வருசம் தெரியாம அதுல போட்டுட்டு அவிய கிட்ட நான் பேச்சு வாங்குனேன்.”

மைத்துனர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. “இவங்களுக்கு எப்படி மாப்ள நம்பர் தெரியும்?”

“தெரியாம எப்படி? கரிசக்காட்டுல மரமா இருக்கு, மேடா இருக்கு, அடையாளம் சொல்ல? காட்டுக்காரன் பூரா டவுனுல இருக்கான். போன்ல நம்பர்தான் சொல்லுவான். நம்பர் தெரியாட்டி அடுத்தவன் காட்டுல கிடை போட்டு உதை வாங்கணும். அந்தம்மாவுக்கு நாலு ஊரு நம்பர் அத்துப்படி. சண்முகத்தாய்னு பேரு.”

முப்பத்தைந்து வருடம் வருவாய்த் துறையில் இருந்தவன் நான். கிடை போடுவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். சர்வே எண் எங்கள் துறையின் சொத்து என்று நினைத்ததால், அது வேறொருவருக்குத் தொழில் கருவியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் தனியே அந்தக் குளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனேன். சண்முகத்தாய் கிடை வலையைக் கொம்புகளில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“வாங்க சார். இன்னைக்கு நான் என்னத்த அனுப்பலன்னு சொல்லணும்?”

“அந்த மனு நீங்க அனுப்பினதுதானே?” என்று மட்டும் கேட்டேன்.

“எம் மருமக அடிச்சா. தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவ, பத்தாவது படிச்சிருக்கா. நான் நம்பரு சொன்னேன், அவ அடிச்சா.”

“அப்ப ஏன் இல்லைன்னீங்க?”

“என் வீட்டு மனைப் பட்டா வி.ஏ.ஓ. மேசையில கையெழுத்துக்குக் கெடந்திச்சு. அவரு பக்கத்துல நீங்க உக்காந்திருந்திய. வெளிய அந்த ஜீப்பு. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பிய?”

சொல்லிவிட்டுக் குடிசைக்குள் போய் ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்தார். உள்ளே மூன்று பதில்கள். பட்டா கைக்கு வந்தபின் கலெக்டருக்கு இரண்டு முறை, மறுபடி பிரதமருக்கு ஒருமுறை மனுப்போட்டிருக்கிறார். மூன்றிலும் என் வரிகள், ஓர் எழுத்து மாறாமல். ‘ஏற்கெனவே புனைபெயர் மனு என முடிக்கப்பட்ட பொருள்’ என்று மேற்கோள் காட்டி மூன்றையும் முடித்திருந்தார்கள். வேலி நிறுவனத்தினுடையது. பூட்டு என்னுடையது.

“போன கோடை வர கெணத்துக்காரரு ஒருத்தரு தொட்டியில தண்ணி விட்டாரு. அந்தக் காட்டையும் வித்துட்டாவ. இப்ப தார் ரோட்டச் சுத்தித்தான் கம்மாய்க்கு ஓட்டுதேன். தையில ஒரு லாரி நாலு ஆட்ட அடிச்சிட்டுப் போயிட்டான், அதுல ரெண்டு செனை. சித்திர வரைக்கும் பாப்பேன். வழி கெடைக்கலன்னா மந்தைய வித்திர வேண்டியதான்.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஓய்வுபெற்றவர்மேல், நடந்து நான்கு ஆண்டு தாண்டிய எந்தச் செயலுக்காகவும் துறை நடவடிக்கை தொடங்க முடியாது. ஓய்வூதிய விதி அப்படி. நான் அறிக்கை எழுதியது ஆவணியில். வருகிற ஆவணியில் நான்கு ஆண்டு முடிகிறது. அதற்குப் பிறகு நான் என்ன ஒப்புக்கொண்டாலும் யாரும் என் ஓய்வூதியத்தைத் தொட முடியாது. ஆறு மாதம் பொறுத்தால் போதும். ஆடுகளுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

ஒரு வாரம் யோசித்தேன். அந்த ஒரு வாரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பெண் என்னை வைத்துக் காரியம் சாதிக்கப் பார்க்கிறாரோ என்றும் சந்தேகப்பட்டேன். பிறகு, சாதித்தால் என்ன என்று தோன்றியது. பிரதமருக்கு மனு எழுதினேன். ஏன் பிரதமருக்கு என்றால், அந்தப் பழைய எண் அங்கே பிறந்தது. அதே எண்ணைக் குறித்து அங்கிருந்து திரும்ப இறங்கினால்தான் கீழே கோப்பைத் தூசு தட்டுவார்கள். ‘நான் முடித்த மனு புனைபெயர் மனு அல்ல. எதிர்த்தரப்பின் அலுவலகத்தில் வைத்து விசாரித்தது தவறு. என் அறிக்கையை நீக்கி, ஓடையை அளந்து பார்க்கவேண்டும்.’ பதினோரு எண்களையும் எழுதினேன். இப்போது தபால் அட்டை இல்லை. கைப்பேசிக்குப் பதிவு எண் வந்தது.

பங்குனி தொடக்கத்தில் போன். செல்வி பேசினார். என்னிடம் உதவியாளராக இருந்தவர், இப்போது அதே அலுவலகத்தில் துணை தாசில்தார்.

“சார், நல்லா இருக்கீங்களா? ஒங்க பேர்ல ஒரு மனு டெல்லியிலேர்ந்து வந்திருக்கு.”

“அப்படியா.”

“படிச்சுப் பாத்தேன் சார். நம்பர், உட்பிரிவு, விதி எல்லாம் ரொம்பச் சரியா இருக்கு. தனக்கே குழி வெட்டிக்கிற மாதிரியும் இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு, ஒங்களுக்கு ஆகாதவங்க யாரோ ஒங்க பேர்ல போட்டிருக்காங்களோன்னு.”

இந்தச் சந்தேகத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

“நீங்க அனுப்பலன்னு ஒரு வரி குடுத்திட்டீங்கன்னா முடிச்சிருவேன். ஆவணி தாண்டினப்புறம் வேணும்னா பாத்துக்கிடலாம் சார். கணக்குப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்.”

அவர் நல்லெண்ணத்தில் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை; என் வாழ்க்கையில் இது அரிது. “விசாரணைய எங்க வைக்கிறீங்கம்மா?” என்று கேட்டேன்.

“வி.ஏ.ஓ. ஆபீசுல.”

“வேலி பக்கத்துல வைங்க. சர்வேயரையும் கூட்டிட்டு வாங்க. சண்முகத்தாயையும் வரச் சொல்லுங்க, ஆனா தலையாரிய விட்டுக் கூப்பிடாதீங்க. நானே சொல்லுதேன்.”

“ஒங்க பாடு சார்,” என்று வைத்துவிட்டார்.

வேலியோரம், காலை பத்து மணி. வெடித்துக் கிடந்த கரிசலில் செருப்பு மாட்டிக்கொண்டது. புதிய வி.ஏ.ஓ. ஒருவர், சர்வேயர், நிறுவனத்தின் காவலாளி, அதே ஜீப். சண்முகத்தாய் மந்தையோடு வந்திருந்தார். செல்வி தாளை வைத்துக்கொண்டு வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார்.

“இந்த மனுவை அனுப்பினது நீங்கதானா?”

நான் ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி அது. பதில் சொல்லுமுன் என் கண் ஜீப்பின் பக்கம் போயிற்று. போகும் என்று தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

“நான்தான் அனுப்பினேன்.”

செல்வி எழுதினார். அடுத்துச் சண்முகத்தாயிடம் திரும்பி, பழைய மனுவைப் பற்றிக் கேட்டார்.

“அன்னைக்கு இல்லைன்னேன், அது பொய். இன்னைக்கு ஆமாங்கேன். ரெண்டையும் எழுதிக்கிடுங்கம்மா.”

சர்வேயர் ஓடையின் எல்லைக் கல்லைத் தேடினார். காணோம். “கல்லு இல்லாம எல்லை சொல்ல முடியாது” என்று நாடாவைச் சுருட்டப் போனார். சண்முகத்தாய் காவலாளியிடம் கேட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே பதினைந்து எட்டு நடந்து, ஓர் இடத்தில் குதிகாலால் மிதித்தார்.

“இங்கன தோண்டுங்க. கரிசல்ல கல்லு நிக்காது, வெடிப்புல உள்ள போயிரும். ஒவ்வொரு வருசமும் கெடைக் கொம்ப இது பக்கத்துலதான் நாங்க ஊணுவோம்.”

“நல்லாத் தெரியுமா?” என்றார் சர்வேயர்.

“ஒங்களுக்கு முன்னாடி இருந்த சர்வேயருக்கும் நாந்தாங்க காட்டினேன்.”

இரண்டு சாண் ஆழத்தில் கல் இருந்தது. வேலிக்கு உள்ளே. செல்வி அதன்மேல் அம்புக்குறியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதினார்.

சித்திரை முதல் வாரம் வேலியில் ஓடையின் அகலத்துக்கு வழி விட்டார்கள். அளந்து பார்த்தேன், ஒன்றரை அடி குறைவு. ஆடுகள் குறை சொல்லவில்லை. முதல் நாள் முன்னால் போன கிடா வழியில் வந்ததும் நின்று, இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தது. எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று. சண்முகத்தாய் என்னிடம் நன்றி எதுவும் சொல்லவில்லை. “ஒங்க மைத்துனருகிட்டச் சொல்லுங்க, ரெண்டு பி-யில அடுத்த வாரம் போடுதேன்னு” என்றார்.

அதே வாரத்தில் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. தவறான அறிக்கை அளித்ததற்காக என்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது, பதினைந்து நாளில் எழுத்துமூலம் விளக்கம் தருக. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன். கொண்டுவந்தவர் நேரம் எதற்கு என்று கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் ஞானசிகாமணி போன் செய்தார். இப்போது மேல் பதவியில் இருக்கிறார். ஓய்வுக்குச் சில மாதங்களே பாக்கி.

“என்னவே, வயசான காலத்துல மனுவெல்லாம் எழுதுதீராமே.”

“ஆமா சார்.”

“விளக்கம் கேட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். நீரு பாட்டுக்கு எதையாவது எழுதிப்போடாதியும். நேர்ல வாரும். பேசுவோம்.”

“பேச ஒண்ணும் இல்ல சார். நீங்க கடிதமாப் போடுங்க, நான் பதில் போடுதேன்.”

அவர் வைக்கும்வரை நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பிறகு வெள்ளைத் தாள் எடுத்து, இடது ஓரத்தில் மடிப்பு விட்டு, பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி எழுதினேன். விளக்கத்தின் முதல் பத்தியை, ஏறக்குறைய நான்கு ஆண்டு தாமதமாக, ‘பேசியபடி’ என்று தொடங்கினேன்.